கை நனைக்காத விருந்தாளி

எங்கள் ஊரில் என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. அடிவாரத்து பஸ் முதலாளியின் மகன் என்னைக் கட்டிக்கொள்வதாக ஆசை காட்டிக் கைவிட்டுவிட்டான், அதனால்தான் அவ்வளவு படித்தும் மலைக்கே திரும்பி ஒரு வாத்தியாருக்குக் கழுத்தை நீட்டினேன் என்று சொல்வார்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை. களை எடுக்கும்போது பேச ஏதாவது வேண்டும், அவ்வளவுதான். என் கணவர் கேட்டால் சிரிப்பார். நானும் இத்தனை நாள் சும்மா இருந்தேன். ஆனால் என் மகளுக்கு இப்போது மூன்று வயது ஆகப்போகிறது. காதில் விழுவதையெல்லாம் திருப்பிச் சொல்லுகிறாள். அன்றைக்கு ஒருநாள் தலை சீவிக்கொண்டிருந்தபோது, "உன்னைய யாரும்மா கைவிட்டாங்க?" என்று கேட்டாள். சீப்பு என் கையில் அப்படியே நின்றுவிட்டது.

நான் எதையும் இரண்டு தடவை யோசிக்கிறவள். குழந்தைக்குச் சளி பிடித்தால் கஷாயம் கொடுப்பதா, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவதா என்று பாதி நாள் யோசிப்பேன். கொடுத்தபின், கொடுத்திருக்க வேண்டாமோ என்று மீதி நாள் யோசிப்பேன். இதை எழுதுவதா வேண்டாமா என்றும் அப்படித்தான் யோசித்தேன். ஆனால் நடந்த விஷயத்தைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. அன்று என் கல்யாணத்தைச் சாக்காக வைத்து அப்பாவின் ஊற்றுக்காட்டைக் கேட்டு வந்தார்கள். அது போகாமல் நின்றது. நிறுத்தியது நான்தான்.

ஊற்றுக்காடு என்பது, மலையில் திருப்புலி நாடு என்று சொல்லும் எங்கள் பகுதியில், எங்கள் வீட்டுக்குப் பின்னால் இறங்கும் சரிவு. மேட்டு நிலத்தில் சாமையும் ராகியும் மழையை நம்பி நிற்கும். சரிவின் தலைப்பில் மட்டும் பாறைக்கடியிலிருந்து கோடையிலும் தண்ணீர் வரும். அதன் கீழே வாழை, மிளகுக்கொடி, சிறு வயல் ஒன்று. எங்கள் குடும்பம் சாப்பிட்டது அந்தக் காட்டை நம்பித்தான். ஊர்ப் பெண்கள் எல்லோரும் குடம் வைத்ததும் அங்கேதான். வெளி ஆளுக்கு நிலம் விடுவதில்லை என்பது எங்கள் ஊர்க்கட்டு. சம்பந்தி ஆகிவிட்டால் மட்டும் வேறு பேச்சு. சம்பந்தி வீட்டார் கேட்டால் காட்டில் ஒரு பங்கு விடுவார்கள், ஊரும் மறுக்காது.

அடிவாரத்து டவுனில் பஸ் விட்டுக்கொண்டிருந்த ஒரு முதலாளி அந்தச் சரிவைப் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து மேட்டில் அவருக்குக் காப்பித் தோட்டம் இருந்தது, தண்ணீர் இல்லை. சந்தையில் மிளகு விற்க அப்பா இறங்கும்போதெல்லாம் அவருடைய ஆட்கள் வந்து பேசுவார்கள். "அது என்னுது மட்டும் இல்லீங்களே, ஊருதுங்களே" என்று அப்பா நகர்ந்துவிடுவார். தலையில் துண்டு கட்டிய அந்த மனிதர் யார் என்றுகூட முதலாளிக்குத் தெரியாது. எல்லாம் ஆட்கள் வழியாகத்தான்.

அந்த முதலாளியின் மகள் என்னோடு ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் படித்தாள். மலைமேல் மருந்து கொடுத்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரத் துரைசானி சின்ன வயதிலேயே என்னைக் கீழே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டதால் நான் அதுவரை வந்திருந்தேன். எனக்கு விடுதி, அவளுக்கு வீட்டுச் சாப்பாடு. எனக்குக் கணக்கு வரும், அவளுக்கு வராது. ஞாயிற்றுக்கிழமைகளில் விடுதி அம்மாளிடம் அனுமதி வாங்கி என்னை அவள் வீட்டுக்கு அழைத்துப்போவாள். நான் பின்கட்டில் உட்கார்ந்து அவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பேன்.

அந்தப் பின்கட்டைச் சொல்லவேண்டும். முன்வாசல் வழியாக நான் ஒருநாளும் அந்த வீட்டுக்குள் போனதில்லை. சந்து வழியாகத்தான். எனக்கென்று ஒரு பித்தளை டம்ளர் மாட்டுக்கொட்டகைச் சுவரில் மாடத்தில் கவிழ்த்து வைத்திருக்கும். நானே எடுத்து, நானே கழுவி, நானே கவிழ்க்கவேண்டும். தோழிக்கு அதில் வெட்கம் இருந்தது என்று நினைக்கிறேன். டம்ளரை நான் எடுக்கும்போது அவள் வேறு பக்கம் பார்ப்பாள்.

அவளுடைய அண்ணன் சேலத்தில் காலேஜ் படித்தார். சனிக்கிழமை தங்கள் பஸ்ஸிலேயே வீட்டுக்கு வருவார். யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸுக்குப் பின்னால் கரி அடுப்பு கட்டியிருந்தார்கள். வீட்டுக்கு வரும்போது வெள்ளைச் சட்டையில் கரிப்புள்ளி இருக்கும். அந்தப் புள்ளிகளை வைத்துத்தான் முதலில் பேசினோம். "இந்தப் பஸ்ஸில் வந்தால் நானும் உங்க மலைக்காரன் மாதிரி ஆயிடறேன்" என்றார். நான் சிரித்தேன். இப்போது அதில் சிரிக்க என்ன இருந்தது என்று தோன்றுகிறது. அன்றைக்கு ஒரு காலேஜ் மாணவர் என்னிடம் விளையாட்டாகப் பேசினார் என்பதே போதுமானதாக இருந்தது. அவரை 'அவர்' என்றே எழுதுகிறேன். அன்று மனதில் அப்படித்தான் இருந்தார். மாற்றி எழுதினால் கோபத்தில் எழுதியதுபோல் ஆகிவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தோழி உள்ளே போயிருந்த நேரம். அவர் மாடத்திலிருந்து என் டம்ளரை எடுத்தார். அண்டாவில் தண்ணீர் மொண்டு கடகடவென்று குடித்தார்.

"ஏனுங்க, அது என்னோடதுங்க!" என்று பதறிப்போனேன்.

"தெரியும். அதனால்தான் குடிச்சேன்."

விடுதிக்குத் திரும்பும் வழியெல்லாம் எனக்குக் கால் தரையில் படவில்லை. உலகத்தில் இதைவிடப் பெரிய வார்த்தை இல்லை என்று நினைத்தேன். யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துத்தான் அவர் குடித்தார் என்பது வெகுநாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

அதன் பிறகு புத்தகங்கள் கொண்டுவந்தார். என் பேச்சைத் திருத்தினார். ஊடு என்று வந்தால் வீடு என்று சொல்லவைத்தார். "நீ உங்க ஜனங்க மாதிரி இல்லை" என்பார். எனக்கு அது புகழ்ச்சியாகவே கேட்டது. ஒருமுறை மட்டும், "உங்க வீட்டுல நம்மளப் பத்திச் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் இருந்துகொண்டே பின்கட்டுப் பக்கம் வரவில்லை. "அண்ணனுக்கு உன்மேல வருத்தம்" என்றாள் தோழி, சிலேட்டைப் பார்த்துக்கொண்டே. கடைசியில் அவர் வந்து நின்றபோது, நான்தான் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று எனக்கே தெரியாது.

"உனக்குச் சந்தேகப் புத்தி" என்றார் அன்பாக. "அதை விட்டாத்தான் நீ உருப்படுவே."

எனக்குச் சந்தேகப் புத்தி இருப்பது உண்மைதான். அதனால் அந்தச் சொல் சரியாக உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. பிறகு எது தோன்றினாலும், இது நம் புத்தியின் கோளாறோ என்று நானே அதை அமுக்கிவிடுவேன்.

அவர் மலையைப் பற்றி நிறையக் கேட்டார். எங்கே ஊற்று, எந்த மாதம் தண்ணீர் குறையும், ஊரில் யார் பேச்சு எடுபடும் என்றெல்லாம். டவுனில் அதுவரை எவரும் என் ஊரைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நான் சந்தோஷமாகச் சொன்னேன். கல்யாண முறைகளையும் கேட்டார்.

"பொண்ணு கேட்டு வந்தவங்க எங்க பக்கம் லேசில சாப்பிட மாட்டாங்க" என்றேன். "பேச்சு ஒத்து வரலீன்னா தண்ணிகூடக் குடிக்காமப் போயிடுவாங்க. மாப்பிள்ளை ஊட்டுப் பெரியவர் எலையில கை நனைச்சுட்டாருன்னா முடிஞ்சுது. அந்த நிமிஷத்துல இருந்து சம்பந்தி."

"பையன் சாப்பிட்டா?"

"அது கணக்குல சேராதுங்க. பசிக்குத் தின்னதாத்தான் எடுத்துக்குவாங்க. பெரியவர்தான் நனைக்கணும்."

"பெரியவருக்கு அன்னைக்கு விரதமா இருந்தா?"

விளையாட்டாகக் கேட்கிறார் என்று நினைத்தேன். "விரதக்காரங்கள யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க. பாவம்னு பயப்படுவாங்க. ஒரு வாழைப்பழத்தைக் கையில வாங்கிட்டாலே போதும்னு உட்டுருவாங்க."

"நல்ல ஜனங்கள்" என்று சொல்லிச் சிரித்தார்.

அந்த மாசி மாதம் ஒருநாள், தன் அப்பா சம்மதித்துவிட்டார் என்றார். பெண் கேட்டு மலைக்கே வரப்போகிறார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. கூடவே ஒரு கேள்வியும் வந்தது. "உங்க அப்பா எங்க ஊட்டுல சாப்பிடுவாங்களா?"

"பார்த்தியா, மறுபடியும்" என்றார்.

விடுப்பு வாங்கிக்கொண்டு முன்னதாகவே மலை ஏறினேன். அம்மாவிடம் சொன்னேன், அம்மா அப்பாவிடம் சொன்னாள். அப்பா கொடுவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார். நிறுத்தாமலே கேட்டார்.

"அவிங்க ஊட்டுக்கு நீ போறீல்ல கண்ணு. உன்னைய எங்க உக்கார வெக்கறாங்க?"

"பின்கட்டுலீங்க."

"ம்" என்றார். கொடுவாளை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, "படிச்ச புள்ள. நீ பாத்து எது சொல்றியோ அதுதான்" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இப்படிச் சொன்னதும் எல்லாம் என் தலையில் வந்து நின்றது.

வருகிற அன்று வீடு விடியுமுன்பே விழித்துக்கொண்டது. அம்மா சாமைச் சோறு வடித்து, மொச்சைக் குழம்பு வைத்து, கோழி அடித்திருந்தாள். ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டரும் இன்னும் இரண்டு பெரியவர்களும் வந்து வாசலில் பாயில் உட்கார்ந்துவிட்டார்கள். இலை போதாது என்று அம்மா சொல்ல, நான் கத்தியை எடுத்துக்கொண்டு ஓடை ஓரத்து வாழைக்கு இறங்கினேன்.

மலைக்கு அப்போது ரோடு கிடையாது. பெரிய மனிதர்கள் வந்தால் டோலிதான். ஒரு நாற்காலியை மூங்கிலில் கட்டி நான்கு பேர் தோளில் தூக்கி வருவார்கள். டோலியை ஓடையோரம் இறக்கி வைத்திருந்தார்கள். தூக்கியவர்கள் மேலே தள்ளி நிழலில் படுத்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் என் அம்மாவின் தம்பி, என் மாமன். அடிவாரத்தில் ஆள் தேடியபோது கூலிக்கு வந்திருந்தார். தான் தூக்கி வந்தது யாரை, எதற்கு என்பது அவருக்குத் தெரியும். தன்னைத் தூக்கியது யார் என்பது முதலாளிக்குத் தெரியாது.

பாறைமேல் முதலாளி உட்கார்ந்திருந்தார். கூட வந்த சமையல்காரர் வெள்ளிக் கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்ற, கையைக் கழுவிக்கொண்டு புளிச்சோறு சாப்பிட ஆரம்பித்தார். அப்பளம் நொறுங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டார். பக்கத்தில் மகன் நின்றுகொண்டு, "வேகமாச் சாப்பிடுங்கப்பா, அங்கே போய் ஒன்னும் சாப்பிட வேண்டியதில்லை. நான் பேசிக்கறேன்" என்றார்.

வாழை மறைவில் நின்றுகொண்டு, வழிப்பசிக்குச் சாப்பிடுகிறார், அதிலென்ன என்று என்னை நானே சமாதானப்படுத்தினேன். உனக்குச் சந்தேகப் புத்தி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இலைகளை நறுக்கிக்கொண்டு குறுக்குவழியில் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

டோலி வந்தது. தூக்கி வந்தவர்கள் வழக்கப்படி தள்ளிப் போய்ப் பலா மரத்தடியில் உட்கார்ந்தார்கள். உள்ளே இலை போட்டார்கள். முதலாளி இலைக்கு முன்னால் உட்காரும்போதே மகன் கைகூப்பி எழுந்தார்.

"பெரியவங்க மன்னிக்கணும். அப்பாவுக்கு இன்னைக்குக் கிருத்திகை விரதம். பச்சைத் தண்ணி தவிர எதுவும் தொடமாட்டார். மலை ஏறி வந்ததே உங்க மேல இருக்கற மரியாதைக்குத்தான்."

"ஐயோ சாமி! கோழி அடிச்சுட்டனே!" என்று அம்மா வாயில் கைவைத்துக்கொண்டு சட்டியைப் பின்பக்கம் ஒளித்துவைக்க ஓடினாள்.

ஊர்க்கவுண்டர் அப்படியே நெகிழ்ந்துபோனார். "வெரதத்தோட இவ்வளவு மேடு ஏறி வந்தீங்களா! எந்த மனுசன் வருவான்!" என்றார். மற்ற இரண்டு பெரியவர்களும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எங்கள் ஜனங்கள் இப்படித்தான். சாமி பெயரைச் சொன்னால் பிறகு ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள். வெளியூர்க்காரன் விலை சொன்னால் நூறு கேள்வி கேட்பார்கள், விரதம் என்றால் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

மகன் மட்டும் இலையில் உட்கார்ந்தார். சாமைச் சோற்றை அள்ளிச் சாப்பிட்டார். "குழம்பு இன்னும் கொஞ்சம் ஊத்துங்கம்மா" என்று கேட்டு வாங்கினார். அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. சாப்பிட்டுக்கொண்டே பேச்சை எடுத்தார். இனி நாமெல்லாம் ஒன்றுதான், சரிவு சும்மா கிடக்கவேண்டாம், தாங்களே காப்பி போட்டுப் பார்த்துக்கொள்கிறோம், ஊற்றைக் கட்டித் தொட்டி அமைக்கிறோம் என்றார். ஊர்க்கவுண்டர் தலையாட்டினார். "சொந்தம்னு ஆயிட்டா அப்புறம் என்னங்க. முறைக்கு ஒரு பழம் வாங்கிக்குங்க. கை நனைச்ச மாதிரிதான்" என்று சீப்பிலிருந்து ஒரு வாழைப்பழத்தைப் பிய்த்து முதலாளியிடம் நீட்டினார்.

முதலாளி கை நீட்டினார்.

அப்பா என்னைப் பார்த்தார். 'நீ பாத்து எது சொல்றியோ' என்ற அதே பார்வை.

ஓடையில் பார்த்ததைச் சொல்ல என் வாயில் வார்த்தை வந்துவிட்டது. சொல்லியிருக்கலாம். மாமனைக் கூப்பிட்டால் சாட்சி சொல்லியிருப்பார். ஆனால் வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பார்த்து, நீ பொய் சொல்கிறாய் என்று அந்த வீட்டுப் பெண்ணே சொன்னால், ஊரில் தலைகுனிவது என் அப்பாதான். அவர் மகளைப் படிக்கவைத்ததையே குற்றம் என்பார்கள். எங்கள் முறையை வைத்தே ஏமாற்ற வந்தவர்களுக்கு எங்கள் முறையாலேயே பதில் சொல்லலாமே என்று அப்போது தோன்றியது.

ஒரு செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு முன்னால் போனேன்.

"பெரியப்பா, பழம் எதுக்குங்க?" என்று ஊர்க்கவுண்டரிடம்தான் பேசினேன். "கிருத்திகை வெரதம் வெளக்கு வெச்சு முருகனைக் கும்பிட்டா முடிஞ்சுருமுங்க. இன்னும் ஏழெட்டு நாழிகைதான் பொழுது. நம்மூட்டுலயே வெளக்கு வெச்சு, இவிங்க வெரதம் முடிக்கட்டும். நான் புதுச் சட்டியில வேறயாச் சோறு வடிக்கறேன். அப்பறம் இவ்வளவு பேர் இருட்டுல எறங்க முடியாது, கரடி வரும். ராத்திரி இங்கயே தங்கிட்டுக் காலையில போகட்டுங்க."

ஊர்க்கவுண்டர் தொடையைத் தட்டினார். "அடேயப்பா! எனக்குத் தோணலியே! வெரதக்காரங்க நம்மூர்ல சோறு திங்கறதுன்னா ஊருக்கே புண்ணியமாச்சே. ஏ, யாரங்க, கோயில்ல சொல்லி வெளக்குத் தயார் பண்ணச் சொல்லு. முதலாளி கை நனைக்கறதை ஊரே பாக்கட்டும்!"

"இல்லை, அப்பாவுக்கு வேலை இருக்கு" என்று மகன் அவசரமாக எழுந்தார். கையில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது.

"வேலை ஓடியா போகுது? உக்காருங்க மாப்பிள்ளை."

மாப்பிள்ளை என்ற சொல்லைக் கேட்டதும் முதலாளி பழத்தைப் பிடித்த கையோடு திரும்பினார். "மாப்பிள்ளையா? என்னடா சொல்றாங்க இவங்க?"

"அப்பா, நான் அப்புறம்..."

"ராத்திரி இங்க தங்கறதா? இந்த ஊட்டுல நான் சோறு திங்கறதா? காட்டை வாங்கித் தாரேன், வந்து உக்காந்து ஒரு பழம் வாங்குனாப் போதும்னுதானடா என்னை மலை ஏத்துனே!"

ஊர்க்கவுண்டர் மெதுவாகக் கேட்டார். "அப்ப நீங்க பொண்ணு கேட்டு வரலீங்களா?"

"எந்தப் பொண்ணு?"

எல்லோரும் என்னைப் பார்த்ததால் அவரும் என்னைப் பார்த்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இது நம்ம பாப்பாவுக்குக் கணக்குச் சொல்லித்தர வர்ற புள்ளையில்ல? இங்கத்துப் புள்ளையா இது?" என்றார். உண்மையாகவே ஆச்சரியப்பட்டுத்தான் கேட்டார். அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அவருக்கு என்னைப் பற்றி எதுவும் தெரியவில்லை, எங்களுக்கு அவரைப் பற்றித் தெரியவில்லை. இரண்டு பக்கத்துக்கும் வேறுவேறு கதை சொன்னவர் நடுவில் எச்சில் கையோடு நின்றுகொண்டிருந்தார்.

முதலாளி பழத்தைப் பாயில் வைக்கப்போனார். அப்பா கையைக் காட்டித் தடுத்தார்.

"பழத்தைத் தின்னுங்க. வூட்டுக்கு வந்தவங்க வெறுங்கையோட போகவேண்டாம். அதுக்கு ஒரு அர்த்தமும் இல்லீங்க. பழம் பழம்தான். காடு காடுதான்."

நான் வெளியே வந்து வேலியோரம் நின்றேன். மகன் கையைக் கழுவிவிட்டு என் பின்னாலேயே வந்தார். குரல் பழையபடி அன்பாகத்தான் இருந்தது.

"ஒரு நாள் பொறுத்திருந்தாப் போதும். காடு கைக்கு வந்தா அப்பா என் பேச்சைக் கேட்பார். அதுக்கப்புறம் உன்னைப் பத்திச் சொல்லியிருப்பேன். எல்லாம் உனக்காகத்தான். நீயே கெடுத்துட்டே. எப்பப் பாரு சந்தேகம்."

"சந்தேகமே இல்லீங்க" என்றேன். "உங்க அப்பா ஓடையில ரெண்டாந்தரம் புளிச்சோறு போட்டுத் தின்னதை என் கண்ணாலயே பாத்தேன்."

"வழியில..." என்று ஆரம்பித்தவர் டோலியைப் பார்த்து நடந்துவிட்டார்.

டோலி தூக்குகிறவர்களில் ஒருவர், "இந்தப் பேச்சுக்கப்புறம் நாம எதுக்குத் தூக்கணும், நடந்தே எறங்கட்டும்" என்றார். மாமன் ஒத்துக்கொள்ளவில்லை. "ஏத்திட்டு வந்தது நாம. எறக்கி உடறதும் நாமதான்" என்று மூங்கிலைத் தோளில் வைத்தார். வைத்துவிட்டு, முதலாளியின் காதுக்குக் கேட்கும்படியே சொன்னார். "ஆனா வெரதம் இருந்த மனுசன் இத்தனை பாரமா இருப்பாருன்னு நான் கண்டதில்லையப்பா. ஓடையில தின்னது எந்தச் சாமி கணக்குங்க?"

நால்வரும் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். நாற்காலியில் முதலாளி நேராகப் பார்த்துக்கொண்டு போனார். மகன் பின்னால் நடந்தார், திரும்பிப் பார்க்கவில்லை. வாசலில் நின்ற ஊர்க்கவுண்டருக்கு அப்போதுதான் முழுவதும் விளங்கியது. என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, உள்ளே எட்டி அம்மாவிடம், "அந்தக் கோழியை எங்க ஒளிச்சே? எடுத்துட்டு வா" என்றார்.

எல்லோரும் சாப்பிட்டார்கள். என்னால் முடியவில்லை. மறுநாள் அப்பாவோடு ஊற்றுக்காட்டில் வாழைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தேன்.

"அந்தப் பையனை உனக்குப் புடிச்சிருந்துதா கண்ணு?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. "புடிச்சிருந்துதுங்க."

"ம்." மண்ணை இரண்டு முறை மிதித்து அழுத்தினார். "எனக்குந்தான் புடிச்சிருந்துது. நல்லாச் சாப்பிட்டான்."

அன்று அழுதேன். அப்பா மண்வெட்டியை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முதலாளி மகனுக்கு என்மேல் கொஞ்சமாவது பிரியம் இருந்ததா, குழம்பைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டதும் நடிப்புத்தானா என்று எனக்கு இன்றும் தெரியாது. சில நாள் இருந்தது என்று தோன்றும், சில நாள் இல்லை என்று தோன்றும். தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. இருந்திருந்தாலும் நான் அந்தச் செம்பை எடுத்துக்கொண்டு முன்னால் போயிருப்பேன்.

விடுப்பு முடிந்து இறங்கினேன். பயிற்சி முடியச் சில மாதங்கள் பாக்கி இருந்தன. பள்ளி வாசலில் தோழி காத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. நான் கேட்கவுமில்லை. கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, "அண்ணன் சொன்னான்... உங்க ஊர்க்காரங்க எங்கப்பாவைப் பட்டினி போட்டு அனுப்பிட்டாங்களாம்" என்றாள்.

"இல்லீங்க. சாப்பிடச் சொல்லித்தான் கேட்டோம்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஏதோ புரிந்ததுபோல இருந்தது. மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் எங்களை இடித்துக்கொண்டு உள்ளே போனார்கள். அவள் மட்டும் நகராமல் சிலேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"ஞாயிற்றுக்கிழமை வருவியா?" என்றாள் தயங்கி. "வட்டிக்கணக்கு இன்னும் எனக்கு..."

"வரலீங்க. கணக்கு வேணும்னா விடுதிக்கு வாங்க" என்றேன். "முன்வாசல் வழியாவே வரலாம்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தாள். தண்ணீர் கேட்டாள். விடுதியில் எல்லோரும் குடிக்கிற டம்ளரில் மொண்டு கொடுத்தேன். கொஞ்சம் பார்த்துவிட்டுக் குடித்தாள். பிறகு இருவரும் கணக்கைப் போட ஆரம்பித்தோம்.